இணையப் பக்கத்தைக் கேட்டுச் சோதிப்பவர்கள்

சிங்கப்பூரின் ரெட்ஹில் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், லெங்கோக் பாருவில் இருக்கிறது எனேபிலிங் வில்லேஜ். பழைய தொழிற்பயிற்சிக் கழகக் கட்டடங்களைச் சீரமைத்து, உடற்குறையுள்ளோருக்காக 2015-ல் திறந்த வளாகம். அங்குள்ள டெக் ஏபல் மையத்தில் திரைவாசிப்பு மென்பொருள்களையும் பிரெயில் கருவிகளையும் பழகிப் பார்க்கலாம். கருவி கைக்கு வந்தால் மட்டும் போதுமா? இணையப் பக்கமும் வழிவிட வேண்டுமே! அது வழிவிடுகிறதா என்று சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தமிழ்ப் பெண்மணியைச் சந்திக்கச் சிராங்கூன் சாலைக்குப் போனேன்.

அவருக்குப் பார்வை இல்லை. மடிக்கணினித் திரையை அணைத்தே வைத்திருந்தார். மௌஸைத் தொடுவதில்லை, விசைப்பலகையும் காதும்தான். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் பேசிய வேகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எனக்காக வேகத்தைக் குறைத்தார். ‘எச்’ விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறது. ‘எஃப்’ விசை படிவத்தின் கட்டங்களுக்குக் கொண்டுபோகிறது. அது ஒரு கலை நிகழ்ச்சிக்கான பதிவுப் படிவம். எந்தக் கட்டத்துக்குப் போனாலும் ‘எடிட், பிளாங்க்’ என்றது குரல். பெயரைக் கேட்கிறதா, தொலைபேசி எண்ணையா? திரையில் எழுதியிருப்பது நிரலில் அந்தக் கட்டத்தோடு இணைக்கப்படவில்லை.

“இதைச் சரிபண்ண அதிக நேரம் ஆகாதுங்க. யாரும் சொல்லாததால அப்படியே கிடக்குது” என்றவர், குறிப்பு எழுதத் தொடங்கினார். எந்தப் பக்கம், எந்த விசை, என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும், 2023-ல் வெளியான டபிள்யூகேக் 2.2 என்ற இணைய அணுகல் நெறிமுறையில் எந்த விதி என்று வரிசையாக எழுதினார். நிரலாளர் அதைப் படித்தவுடன் வேலையைத் தொடங்கிவிடலாம்.

அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக் இலவசமாக வழங்கும் ‘ஊபி’ போன்ற தானியங்கிக் கருவிகள் பல பக்கங்களை விரைவாக அலசிவிடும். வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வண்ண வேறுபாடு 4.5:1-க்குக் குறைந்தால் காட்டிக்கொடுக்கும். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கும். ஆனால் அந்த விளக்கம் படத்துக்குப் பொருந்துகிறதா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து ஒரு தமிழ் அறிவிப்பைத் திறந்தார். ‘ஏழு முப்பது... பன்னிரண்டு’ என்று ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் கேட்டன. நடுவில் இருந்த தமிழ் முழுவதும் மௌனம். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் குறித்திருந்ததால், தமிழ் அறியாத ஆங்கிலக் குரல் எழுத்துகளை விழுங்கிவிட்டது. தம்மிடமிருந்த நகலில் மொழிக்குறியை மட்டும் தமிழாக மாற்றினார். விண்டோஸின் ‘வள்ளுவர்’ குரல் இடம், தேதி, கட்டணம் எல்லாவற்றையும் படித்தது. அந்த ஒரு திருத்தம் என்னை உலுக்கிவிட்டது. தமிழ் அறியாத சோதனையாளர் இந்த மௌனத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்?

1995-லேயே எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிய ஊர் இது. தமிழ் இங்கே ஆட்சிமொழி. ஆகவே தமிழ்ப் பக்கம் வெளியிடும் எந்த அமைப்பும், வெளியிடுவதற்கு முன்பே திரைவாசிப்பானோடு வாழும் ஒரு தமிழரிடம் அதைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். அதற்கு உரிய ஊதியமும் தர வேண்டும். இது உதவி கேட்பவருக்குச் செய்யும் தயவு அல்ல, தேர்ந்த கைத்திறனுக்குத் தரும் கூலி.