15 ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றப் பார்த்தேன்!

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், ‘டிராக்டருக்குப் புது பேட்டரி போட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன காரணம்?’ என்று கேட்டிருந்தார். பேட்டரி டெர்மினல், ஃபேன் பெல்ட், ஆல்டர்னேட்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லி பதில் வந்திருந்தது. சரியான பதில்தான். நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பேட்டரியும் பதினோரு நாள் தூக்கமும் செலவானது.

நான் டெல்டாக்காரன். சொந்தமாக 4 ஏக்கர். 17 வருஷத்துப் பழைய டிராக்டர் ஒன்று இருக்கிறது. சம்பா பட்டத்தில் சொந்த வேலை போக, தெருவில் நாலைந்து பேருக்குக் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டிக் கொடுப்பேன். போன புரட்டாசியில், வாய்க்காலில் தண்ணீர் வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் உழவுக்கு நிற்கிறபோது, ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி. இன்னொரு டிராக்டரைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்தேன். எங்கள் ஊரில் தள்ளிவிட மேடு கிடையாது.

பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். கடைக்காரரும் அதையே சொன்னார். பழையதைக் கொடுத்துவிட்டு, மேலே 6,500 ரூபாய் போட்டுப் புதிது வாங்கி வந்தேன். நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடியும் ‘டக்’.

டீசல் என்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால், என்னுடையது மாதிரியான பழைய வண்டிகளில் அது தொடர்ந்து ஓட மின்சாரம் வேண்டாம். அதனால் ஆஃப் பண்ணினால்தானே வம்பு என்று, சாப்பிடப் போகும்போதும் வரப்போரமாக ஓடவிட்டுவிட்டே போனேன். டீசல் விற்கிற விலையில் இதெல்லாம் கட்டுபடியாகுமா? ராத்திரி லைட் போட்டு உழுதால் மறுநாள் காலையில் நிச்சயம் இழுவைதான்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, வீட்டுக்காரர் காலமான பிறகு ஒன்றரை ஏக்கரைத் தனியாளாகப் பார்க்கிறார். அவருக்கு உழவு ஓட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நாற்றுக்கு 30 நாள் தாண்டிவிட்டது. வயசான நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில் வாசலில் வந்து நின்று, “தம்பி, இன்னிக்கு வண்டி கிளம்பிடுச்சா?” என்பார். அவ்வளவுதான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

டவுனில் இருந்து எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தார். 12.2 வோல்ட் காட்டியது. சார்ஜ் ஏறினால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். “ஆல்டர்னேட்டர் போச்சுண்ணே. புதுசு போடணும். 9,000 ஆகும்” என்றார். அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன், மீட்டர் சொன்னதை அவர் சொன்னார். பணம் புரட்ட, சங்கத்தில் நகையை வைக்கலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் என் மச்சான் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினார். ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற டேஷ்போர்டைக் காட்டி, “மாப்ள, ஆயில் லைட்டு எரியுது. பேட்டரி லைட்டு எங்க?” என்றார்.

“எரியலையே மச்சான். எரிஞ்சாத்தானே பழுதுன்னு அர்த்தம்?”

“வண்டி ஓடுறப்ப எரிஞ்சாதான் பழுது. சாவி போட்டதும் எரியணும். எரியலைன்னா அந்த பல்புதான் பழுது” என்று சிரித்தார்.

அவர் விளக்கியது இது. ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுவது நிரந்தரக் காந்தம் இல்லை, கம்பி சுற்றிய மின்காந்தம். முதலில் அதற்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்து எழுப்பிவிட வேண்டும். அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து சாவி வழியாக, இந்தச் சிவப்பு பல்புக்குள் புகுந்துதான் போகிறது. ஆல்டர்னேட்டர் விழித்துக்கொண்டு தானே மின்சாரம் தயாரித்ததும், பல்புக்கு இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் ஆகிவிடுவதால் பல்பு அணைந்துவிடும். பல்பின் இழை அறுந்துபோனால் எழுப்பிவிட ஆளில்லை. காந்தத்தில் ஒட்டியிருக்கிற மிச்ச சக்தியில், நன்றாக ரேஸ் கொடுத்தால் சில நாள் தானாகப் பிடித்துக்கொள்ளும், சில நாள் பிடிக்காது. என் வண்டி ஒருநாள் ஓடி ஒருநாள் படுத்ததன் மர்மம் இதுதான். எல்லா வண்டியிலும் இந்த அமைப்பு இருக்காது, பழைய வண்டிகள் பலவற்றில் உண்டு.

உறுதி செய்ய மச்சான் ஒரு சோதனை செய்தார். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் இருக்கிற மெல்லிய லைட் வயரைக் கழற்றி, சாவி போட்ட நிலையில் வண்டியின் இரும்பில் தொட்டார். பல்பு நன்றாக இருந்தால் எரிந்திருக்கும். எரியவில்லை. பக்கத்திலேயே தடித்த வயர் ஒன்று இருக்கும். அது நேராக பேட்டரியிலிருந்து வருவது, சாவி போடாவிட்டாலும் அதில் மின்சாரம் உண்டு. அதைக் கழற்றி இரும்பில் தொட்டால் பெரிய தீப்பொறி கிளம்பும், வயர் எரிந்துபோகும். எது எந்த வயர் என்று தெரியாதவர்கள் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள்.

பல்பு மாற்றுவது பெரிய வேலை இல்லை. முதலில் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றினோம். டேஷ்போர்டின் நாலு ஸ்க்ரூவை எடுத்து, பின்னால் இருக்கிற மீட்டர் கேபிள் இழுபடாமல் மெதுவாக முன்னே சாய்த்தோம். பல்பு ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் கையோடு வருகிறது. பல்பை நேராக இழுத்தால் வந்துவிடும். கறுத்துப்போயிருந்தது. ஹோல்டரில் பிடித்திருந்த பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்தோம்.

நான் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்தது எல்.இ.டி. பல்பு. ‘நீண்ட நாள் உழைக்கும்’ என்று கடைக்காரப் பையன் கொடுத்தான். மச்சான் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய பல்பில் 12 வோல்ட், 3 வாட் என்று போட்டிருந்தது. அதாவது கால் ஆம்பியர் மின்சாரம் அதன் வழியாகப் போகும். எல்.இ.டி. வழியாகப் போவது அதில் மிகச் சொற்பம், ஆல்டர்னேட்டரை எழுப்ப அது போதாது. டேஷ்போர்டில் மற்ற இடங்களில் எல்.இ.டி. போட்டாலும், சார்ஜ் லைட்டுக்கு அதே வாட்டில் இழை பல்புதான். மறுபடி போய் 15 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஆயில் லைட்டுக்கும் ஒரு புது பல்பு சேர்த்து வாங்கினேன். அது அறுந்திருந்து, ஆயில் அழுத்தம் குறைவது தெரியாமல் ஓட்டினால் என்ஜினே போய்விடும்.

சாவி போட்டதும் இரண்டு லைட்டும் சிவப்பாக எரிந்தன. பக்கத்து வீட்டு டிராக்டரில் ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தேன், இரண்டும் அணைந்தன. மறுநாள் எலெக்ட்ரீஷியனிடம் போய் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 14.1 வோல்ட். ‘இதை நான் பார்க்காம விட்டுட்டேனே’ என்று அவரே சொன்னார்.

அன்று ராத்திரியே லைட் போட்டு அக்காவின் வயலை ஓட்டி முடித்தேன். மூன்றாம் நாள் நடவு. நாற்று முற்றியிருந்ததால் குத்துக்கு இரண்டு மூன்று கூடுதலாக வைத்து நட்டார்கள்.

இந்தச் சங்கதி தெரிந்து, தங்கை மகன் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்டீயரிங் வீலில் இருக்கிற பட்டன்களில் வெளிச்சம் வரவில்லையாம். “மாமா, அதையும் பிரிச்சுப் பாருங்களேன்” என்றான். நான் தொடவில்லை. கார் ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதற்கான மின்சாரம் சில நிமிஷம் உள்ளே தேங்கி நிற்கும். தவறாகக் கை வைத்தால் முகத்தில் வெடிக்கும். புது கார்களில் அந்த வெளிச்சம் பலகையோடு பற்றவைத்த எல்.இ.டி.யாகத்தான் இருக்கும், நம் டேஷ்போர்டு பல்பு மாதிரி பிடுங்கி மாட்ட முடியாது. தெரிந்தவர்களிடம் போகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது தினமும் சாவியை ஒரு கட்டம் திருப்பி, இரண்டு சிவப்பையும் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்கிறேன். பழைய பேட்டரி ஒருவேளை இன்னும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததைப் பற்றி வீட்டம்மா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.