சாவி யார் கையில்?



பிளாக்செயினில் பணம் வைத்தால் வங்கியின் தயவு வேண்டாம், சாவி நம் கையில் என்கிறான் என் பேரன். உண்மைதான். அந்தச் சாவி தொலைந்தால் திறந்துவிட ஆளில்லை என்பதும் உண்மை.

2016 ஜூனில், எத்தீரியத்தில் இயங்கிய ‘தி டாவோ’ என்ற பொது நிதியிலிருந்து, நிரலில் இருந்த ஓட்டை வழியே யாரோ சுமார் 36 லட்சம் ஈதரை நகர்த்திவிட்டார்கள். ஜூலையில் பெரும்பாலோர் கூடிப் பேரேட்டையே திருத்தி, போட்டவர்கள் பணத்தை மீட்க வழிசெய்தார்கள். எழுதியதை மாற்றக்கூடாது என்றவர்கள் பழைய பேரேட்டை ‘எத்தீரியம் கிளாசிக்’ என்று தொடர்ந்தார்கள்.

அவர்கள் பயமும் நியாயமே; இன்று மீட்டுத் தரும் கை நாளை பறிக்கவும் செய்யலாம். ஆனாலும் ஓய்வூதியத்தில் வாழும் நான் பறிகொடுத்தவர் பக்கம்தான்.

பேரனிடம் சொன்னேன்: போனாலும் தாங்குகிற அளவுக்கு நீயே சாவி வைத்துக்கொள், மீதிக்குக் காவல் இருக்கட்டும்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?