மறுபடி போகிற வேலை

அக்டோபர் 14, 2024. திங்கள்

கொசுப்புழு பார்க்கிற பெண் காலையில் வந்தாள். ஆபீஸ் கணக்கில் இவர்கள் டி.பி.சி. பணியாளர்கள், கோவை கணபதியில் எல்லாருக்கும் 'மருந்து ஊத்தற பொண்ணு'. டிரம் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தாள். ஃபிரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் சும்மா கிடக்கிற ஆட்டாங்கல் குழி, மாடியில் வெள்ளையடித்து மிஞ்சிய டப்பா, ஒன்றையும் விடவில்லை. நான் ரிட்டையர் ஆன சுகாதார செவிலியர் என்று தெரிந்தும் விடவில்லை. அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்கும்.

குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும் என்றால், வருகிற அன்று பிடித்து வைக்காமல் யார் இருப்பார்கள்? ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். நாம் தண்ணீர் சேமிக்கிற கணக்கும் கொசு வளர்கிற கணக்கும் ஒன்றாகப் பொருந்திவிடுகின்றன. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த தண்ணீர் பட்டதும் பொரியும். தேய்த்துக் கழுவச் சொல்வது அதற்காகத்தான். இன்று பார்த்த வீட்டை அடுத்த வாரமும் பார்க்காவிட்டால் இன்றைய வேலை வீண் என்பதும் அதே கணக்குதான்.

மத்தியானம் அண்ணன் மகள் போனில் வந்தாள். பல் மருத்துவம் முடித்து ஒரு தனியார் கிளினிக்கில் இருக்கிறாள். "அத்தை, எம்.பி.எச். படிக்கலாம்னு இருக்கேன். பொது சுகாதாரம். மனசுக்கு நிறைவா ஒரு வேலை பண்ணோணும்." பல்லைப் பிடுங்கினால் நிறைவு இல்லையா என்று கேட்டேன். வலியோடு வருகிறவன் சிரித்துக்கொண்டு போகிறானே, அதைவிடவா? "வந்தவனுக்குப் பிடுங்கறேன். வராதவன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியறதே இல்லீங்களே" என்றாள். சரியான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை தள்ளி அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன்.

அக்டோபர் 16, புதன்

அவள் கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிறைவு எனக்கு எப்போது வந்தது?

எண்பதுகளில் சத்தி ரோட்டில் கோவில்பாளையத்துக்கும் அன்னூருக்கும் நடுவே ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தேன். ஒரு தராசு, தடுப்பூசிக் குடுவை, இரும்புச்சத்து மாத்திரை, பெரிய பதிவேடு. முதல் தடவை போகிற வீட்டில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. பாய் விரிப்பார்கள், காபி வரும், 'வாங்க நர்சம்மா' என்பார்கள். இரண்டாம் தடவை போகும்போது வாசலிலேயே பேச்சு முடியும். மூன்றாம் தடவை மாமியார் மட்டும் எட்டிப் பார்த்து, "அவ தோட்டத்துக்குப் போயிருக்கா" என்பார். உள்ளே மருமகளின் வளையல் சத்தம் கேட்கும்.

வேலை தொடங்குவது அந்த மூன்றாம் தடவையில்தான். முதல் தடவை போக யாராலும் முடியும். முகாம் போடுகிறவர்கள் போகிறார்கள், சர்வே எடுக்கிறவர்கள் போகிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் பேனரோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ரத்தசோகை முதல் தடவையில் கண்டுபிடிக்கப்படும், அவ்வளவுதான். மாத்திரை உள்ளே போனதா, வெளுத்த கண் சிவந்ததா என்பதைப் பார்க்கத் திரும்பவும் போகிறவள் வேண்டும். 2018-20 கணக்கெடுப்பில் லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசத்துக்கு நல்ல ரோடு, ஆம்புலன்ஸ், பெண்கள் படித்தது, மகப்பேறு உதவித்தொகை என்று காரணங்கள் பல. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி மறுபடி போனவர்களும் அதில் உண்டு என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

நிறைவு என்று ஒன்று வந்திருந்தால் மாதக் கடைசியில் பதிவேட்டில் விட்டுப்போன பெயர் ஒன்றும் இல்லை என்று தெரிகிற அந்த மாலையில்தான் வந்திருக்கும். அதை அண்ணன் மகளிடம் எப்படிச் சொல்வது? கேட்டால் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும்.

அக்டோபர் 19, சனி

எங்கள் சின்னத் தாத்தா காசநோய்க்குப் பெருந்துறை சானட்டோரியத்தில் படுத்திருந்தவர். கொங்கு நாட்டில் அந்தக் காலத்தில் 'பெருந்துறைக்குப் போயிருக்கிறார்' என்றாலே நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உலர்ந்த காற்று, முட்டை, பால், ஓய்வு. படுக்கை கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். கிடைக்காதவர்கள் வீட்டிலேயே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் படுக்கைக் கணக்கை உடைத்தது சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானட்டோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு பாதிக்கும் ஒரே மாத்திரையை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டுப் பாதியினர் நெரிசலான குடிசைகளில் இருந்தவர்கள், சாப்பாடு குறைவு, பலர் வேலைக்கும் போனார்கள். 1959இல் முடிவு வெளிவந்தபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானட்டோரியங்கள் மூடத் தொடங்கியதில் இந்தச் சென்னை ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

பாடப் புத்தகங்கள் இங்கேயே நிறுத்திவிடும். எனக்குப் பிடித்தது இதற்குப் பின்னால் இருக்கிற சின்ன வேலைகள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று தெரிந்துகொண்டார்கள். 'வீட்டில் சிகிச்சை' என்று இரண்டு சொல்லில் முடிகிற விஷயத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் அந்தச் சந்துகளில் நடந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த நூலிலும் பெரிதாக இருக்காது. இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான். ரிட்டையர் ஆனவர்களுக்கு இப்படிப்பட்ட ஆசைகள் வரும்.

அக்டோபர் 23, புதன்

மார்க்கெட் போகும் வழியில் காசநோய்ப் பிரிவில் வேலை செய்கிற பழைய சிநேகிதியைப் பார்த்தேன். பவுண்டரியில் மோல்டிங் வேலை செய்கிற ஒரு பிகார் பையன் அவளுக்குப் பெரிய வெசனம். இந்தப் பக்கம் பட்டறைகளும் பவுண்டரிகளும் டெக்ஸ்டூல் கம்பெனி காலத்திலிருந்தே உண்டு. வார்ப்பு மணலில் சிலிக்கா. அந்தத் தூசி வருசக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ், சிலிக்கோசிஸ் இருக்கிற நுரையீரலில் காசம் சுலபமாகக் குடியேறும். பஞ்சாலைக்காரர்களுக்குத் திங்கள்கிழமை மட்டும் நெஞ்சு இறுகும் என்பார்களே, அது பஞ்சுத் தூசியின் வேலை. கோவையில் தொழிலுக்குத் தக்க இருமல்.

பையனுக்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதத்தில் இருமல் நின்று சோறு இறங்க ஆரம்பித்ததும், குணமாகிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிற மாதிரி அவனும் நினைத்துவிட்டான். தீபாவளிக்கு ஊர் போகிறானாம். சாத் பூஜை முடிந்துதான் வருவான், வராமலும் போகலாம். அவளால் பிகாருக்குப் போய்க் கதவு தட்ட முடியாது. காசநோயாளிகளைப் பதிவு செய்கிற நிக்ஷய் எண்ணை அவன் செல்போனிலும் ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்து, ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து, அந்த ஊர் மையத்துக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த மாதத்திலிருந்து காசநோயாளிகளுக்கான சத்துணவுப் பணம் 500 ரூபாயிலிருந்து 1000 ஆகப் போகிறது, அதற்காகவாவது அங்கே மையத்தை எட்டிப் பார்ப்பான் என்று ஒரு நம்பிக்கை.

2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பற்றியும் சொன்னாள். நோய் உறுதியானதுமே எடை, உயரம், மூச்சு பார்க்கிறார்கள். தாங்கிப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முடியாதவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், ஏனென்றால் காசத்தில் சாகிறவர்களில் பலர் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள். எழுந்து நில்லுங்கள் என்று சொல்லிப் பார்ப்பதற்குப் பெரிய எந்திரம் ஒன்றும் வேண்டாம். ஆனால் அதையே எல்லா ஊரிலும், எல்லா நோயாளிக்கும், விடாமல் செய்ய வைப்பதற்கு ஒரு துறையே வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

அண்ணன் மகள் வந்திருந்தாள். ஒறம்பரை வந்தால் கறி எடுப்பது வழக்கம். சாப்பாடு ஆனதும் சித்த நேரம்கூடப் படுக்காமல் கேள்விகளோடு உட்கார்ந்துவிட்டாள்.

படிக்க இடம் இருக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், இரண்டு ஆண்டு எம்.பி.எச். விலங்கியல் படித்தவர்கள் புதுச்சேரியில் கொசுவைப் பற்றியே முதுகலை படிக்கலாம். காந்திகிராமத்தில் சுகாதாரப் பயிற்சி நிறுவனம் 1964 முதல் இருக்கிறது. படித்து முடித்தபின் உட்கார நாற்காலி இருக்கிறதா என்பதுதான் பேச்சு. அதை அவளிடம் மறைக்கவில்லை.

தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் 1922இலிருந்து இருக்கிறது. 1939இல் சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் போட்டது. நாட்டிலேயே முதல் சட்டம். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், கொசு, எல்லாம் அதில் உண்டு. பல மாநிலங்கள் சுதந்திரத்துக்குப் பின் ஆஸ்பத்திரித் துறையோடு பொது சுகாதாரத்தைச் சேர்த்துக் கரைத்துவிட்டன, நாம் கரைக்கவில்லை. மற்ற மாநிலங்களும் பொது சுகாதாரத்துக்குத் தனிப் பணிநிலை உருவாக்க வேண்டும் என்று 2017 தேசியக் கொள்கையில் சொல்லி, 2022இல் மத்திய அரசு வழிகாட்டுதல்களும் வெளியிட்டது. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துப் பொது சுகாதாரப் பட்டயம் படித்தவர் நல அலுவலர் ஆகலாம், மேலே ஏறலாம். பல் டாக்டருக்கு அந்த ஏணி இல்லை. அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் திட்டப் பணிகள், ஆராய்ச்சிப் பணிகள், ஆலோசகர் பணிகள். பதினோரு மாதம், ஒரு வருசம் என்று ஒப்பந்தம்.

"அப்ப அர்த்தம் இருக்கு, உத்தியோகம்தான் இல்லீங்களா அத்தை?"

அவளாகவே அங்கே வந்து நின்றாள். அதற்கு ஓர் உதாரணம் சொன்னேன். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். அதில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மறு வருசம் ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. சுயஉதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். போன மாதம் அதற்கு ஐ.நா. பணிக்குழு விருதும் கிடைத்தது. சந்தோசம். அந்தப் பெண்கள் வாங்குவது சம்பளமாக இல்லாமல் ஊக்கத்தொகையாக இருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். மறுபடி மறுபடி போக வேண்டிய வேலைக்கு, மறுபடி வருவாரா என்று உறுதியில்லாத ஆளை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. வீட்டுக்காரம்மா மாத்திரையை நம்பி விழுங்குவதைவிட, கொண்டுவருகிறவளை நம்பி விழுங்குவதுதான் அதிகம். ஆள் மாறினால் நம்பிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்காகப் போகாதே என்று சொல்லவில்லை. சேவை என்று நினைத்துக்கொண்டு போகாதே என்றேன். சேவை என்று போகிறவர்கள் சம்பளம் கேட்கக் கூச்சப்படுவார்கள், மூன்றாம் தடவை கதவு திறக்காவிட்டால் கோபப்படுவார்கள். வேலை என்று போகிறவள் நாலாம் தடவையும் போவாள். எந்த வேலைக்கு மனுப் போட்டாலும், அதே ஊருக்கு எத்தனை வருசம் போக விடுவார்கள் என்று முதலில் கேள். சம்பளத்தை அதற்கப்புறம் கேள், ஆனால் கேட்காமல் விடாதே.

எம்.பி.பி.எஸ். டாக்டராக இல்லாமல் பொது சுகாதாரத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று சுணங்கினாள். பொழுதோடு அவளை பஸ் ஏற்றப் போகும்போது பிளேக் கதையைச் சொன்னேன். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் கோவையைப் புரட்டிப் போட்டது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் ஊருக்குள் இருக்கின்றன. ஊரை நெரிசலிலிருந்து வெளியே விரித்ததிலும், சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவந்ததிலும் பெயர் வாங்கியவர் நகராட்சித் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார். ஆர்.எஸ்.புரம் அவர் பெயர்தான். அவர் டாக்டர் இல்லை. குழாய் பதித்தவர்களும் டாக்டர் இல்லை. "ஆர்.எஸ்.புரம்னா துணிக்கடைன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றாள்.

அக்டோபர் 30, புதன்

உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய் அறிக்கை நேற்று வந்திருக்கிறது. 2023இல் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு நோய், 12.5 லட்சம் பேர் இறப்பு. நோயாளிகளில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர்கள். சிநேகிதியின் பிகார் பையன் நேற்று ரயில் ஏறிவிட்டான். மாத்திரைப் பொட்டலத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறானாம்.

முறுக்குச் சுடும்போது அண்ணன் போன்.

"ஏம்மா, பல் டாக்டருக்குப் படிக்க வெச்சது ஊடு ஊடாப் போய்க் கதவு தட்டறதுக்கா?"

"நான் அப்படித்தானுங்கண்ணா போனேன்."

"உனக்குப் பென்சன் வருது. அவளுக்கு வருமா?"

வராது என்று சொன்னேன். 2003க்கு அப்புறம் நிரந்தர வேலையில் சேர்ந்தவர்களுக்கே பழைய பென்சன் இல்லை. இவள் சேரப்போவது ஒப்பந்தம். பிள்ளைக்கு நல்லது நினைக்கிறவர்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மாப்பிள்ளை ஊட்டுல கேட்டா என்ன வேலைன்னு சொல்றது?"

"பொது சுகாதாரம்னு சொல்லுங்கண்ணா. புரியலைன்னா எனக்குப் போன் போட்டுக் குடுங்க, நான் சொல்லிக்கறேன்."

"நீ சொல்லி விடிஞ்சிரும்" என்றார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, நானும் இழுத்துப் பேசவில்லை. பீஸ் எவ்வளவு, கட்டக் கடைசித் தேதி எப்போது என்று அவளிடம் கேட்டுச் சொல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.