ஓசைக்கு ஒரு சொல்

மைசூருவின் பழைய குடியிருப்பு ஒன்றில், ஓட்டு வீட்டின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில், 1969இல் பதிவான ஜாவா 250 மோட்டார்சைக்கிள் ஒன்று நிற்கிறது. அதன் உடைமையாளருக்கு வயது எழுபது. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வண்டியை வாங்கியவர் அவருடைய தந்தை. ஞாயிறு காலைகளில் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மண்ணெண்ணெய்க் கிண்ணம், பல் துலக்கிக் கழித்த பிரஷ், ஸ்பேனர்களைச் சுற்றி வைத்த காக்கித் துணி ஆகியவற்றோடு அமர்வது அவருடைய நாற்பதாண்டுப் பழக்கம். சிலிண்டரைப் போரிங் செய்ய லேத் பட்டறைக்கு இருமுறை கொடுத்ததைத் தவிர, அந்த வண்டி வேறொருவர் கைக்குப் போனதில்லை.

மூன்று ஆண்டுகளாக அவருடைய செவித்திறன் குறைந்துவருகிறது. முதுமையில் வரும் செவிக்குறை எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மறைகின்றன. பேச்சில் உயிரொலிகள் நெடுநாள் நிலைக்க, ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை மங்கிவிடுகிறது. அதனால்தான் முதியவர்கள், ‘நீ பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறாய் என்பது புரியவில்லை’ என்கிறார்கள். எஞ்சினுக்கும் இது பொருந்தும். சைலன்சரின் தாழ்ந்த முழக்கம் அவருக்கு இன்னும் கேட்கிறது. சிலிண்டருக்குள் எரிதல் பிசகும்போது எழும் மெல்லிய உலோகக் கிணுகிணுப்பு கேட்பதில்லை. பழுதைப் பற்றிய செய்தி பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

ஜாவா என்பது தீவின் பெயரன்று. 1929இல் பிராகாவில், யானெச்செக் என்பவர் வாண்டரர் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் மோட்டார்சைக்கிள் பிரிவை வாங்கியபோது, இரு பெயர்களின் முதலெழுத்துகளையும் ஒட்டி உருவாக்கிய பெயர் அது. அந்த நிறுவனத்தின் உரிமம் பெற்று, 1961 முதல் மைசூருவின் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இவ்வண்டிகளைத் தயாரித்தது. 1973 முதல் அதே தொழிற்சாலையின் வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வந்தன. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறை ஜாவா நாளாகக் கொண்டாடுவோர் இன்றும் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

இதன் எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. சிலிண்டர் ஒன்று, சைலன்சர்கள் இரண்டு. கியர் மாற்றும் நெம்புகோலே உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பினால் கிக்கர் ஆகிவிடும். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 40 மில்லி என்பது அவர் தந்தையிடமிருந்து பெற்ற கணக்கு. பராமரிப்பு வேலைகளும் பரம்பரையாக வந்தவையே. சைலன்சருக்குள் படியும் கரியைச் சுரண்ட வேண்டும். காண்டாக்ட் பாயின்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைக்க வேண்டும். பாயின்ட்டுகளுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றி, தாள் எந்த நொடியில் வழுக்கி வெளிவருகிறதோ அந்த இடத்தில் டைமிங்கைப் பூட்ட வேண்டும். இவையெல்லாம் கண்ணாலும் விரலாலும் ஆகிற காரியங்கள். ஆனால் செய்த வேலை சரியா என்று தீர்ப்புச் சொன்னது எப்போதும் செவிதான். எஞ்சினை ஓடவிட்டுத் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பார். பிறகு கார்பரேட்டரின் திருகை அரைக்கால் சுற்றுத் திருப்புவார். ஏன் அந்தப் பக்கம், ஏன் அவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்தபின் வண்டி மிகையாகச் சூடாகத் தொடங்கியது. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் வார இறுதிகளில் வரும்போது, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுச் சொல்லும் பொறுப்பு அவளுக்கு வந்தது. மூன்று வாரம் அவள் சொன்ன பதில் ஒன்றே: “சத்தம் சரியாக இருக்கிறது அப்பா.” அவர் நம்பினார். சூட்டுக்குக் காரணம் பெட்ரோலாக இருக்கலாம் என்பது மகளின் கணிப்பு. அது ஆதாரமற்றதன்று. இன்று நாடெங்கும் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டின் அளவுக்கு எரிபொருள் கலவை சற்றே மெலிந்துபோகும். ஒரு படி பெரிய ஜெட்டைத் தேடி வாங்கி வந்து அவளே மாட்டினாள். சூடு கொஞ்சம் தணிந்தது, தீரவில்லை.

நான்காவது ஞாயிறு, கிக்கரை உதைத்துவிட்டு அவள் மகிழ்ச்சியோடு சொன்னாள்: “இன்றைக்கு மிக நன்றாக ஓடுகிறது அப்பா. துடிப்பு எவ்வளவு சீராக இருக்கிறது!”

அவர் துணியைக் கீழே வைத்தார். “சீராகவா? எப்படிச் சீராக? அந்த ஓசையை உன் வாயால் சொல்.”

அவள் தயங்கி, “டடடடடட” என்றாள்.

“நிறுத்து, உடனே நிறுத்து.”

நலமாக இருக்கும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், நின்ற இடத்தில் சீராக ஓடாது. குறைந்த வேகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கலவை முழுமையாகப் பற்றுவதில்லை; ஒரு சுற்றை விட்டுவிட்டு அடுத்த சுற்றில் பற்றும். அதன் நலத்தின் அடையாளமே ஒரு தள்ளாட்டம்தான். காற்று மிகுந்து எரிபொருள் மெலியும்போது அந்தத் தள்ளாட்டம் மறைந்து, துடிப்பு இழைபோல ஒழுங்காகிவிடும். கேட்பவருக்கு அது முன்னேற்றமாகவே தோன்றும். அதே நிலையில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்; பின்சக்கரம் திடீரென்று இறுகி நின்றுவிடலாம். மூன்று வாரமாக ஆபத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டே அவள் ‘சரி’ என்று சொல்லிவந்திருந்தாள். ஓசை அவளிடம் இருந்தது, பொருள் அவரிடம் இருந்தது. இரண்டையும் இணைக்கச் சொல் இல்லாமல் இருந்தது.

“எப்படி இருக்க வேண்டும்?” என்று அவள் கேட்டாள். அவர் உதடுகளைக் குவித்துச் சொன்னார்: “டப்... டப்டப்... டப்... டப்டப்.” நாற்பது ஆண்டுகளில் அந்த ஓசையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதன்முறை. கேட்கும் திறன் இருந்தவரை சொல்லும் தேவை எழவில்லை.

தமிழ் இலக்கணம் இரட்டைக்கிளவி என்றும் கன்னட இலக்கணம் அனுகரணாவ்யயம் என்றும் குறிக்கும் இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்களைக் குழந்தைப் பேச்சாகவும் பேச்சுக்கு அழகூட்டும் துணுக்குகளாகவும் கருதுவோர் பலர். மரே எமனோ 1969இல் எழுதிய கட்டுரை அவற்றை வேறுவிதமாகப் பார்த்தது. திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பண்புகளுள் ஒன்றாக, இந்தியத் துணைக்கண்டத்தை ஒரு மொழியியல் வட்டாரமாகக் காண்பதற்கான சான்றாக அவற்றை அவர் முன்வைத்தார். தாழ்வாரத்தில் அன்று நடந்தது அச்சொற்களின் இன்னொரு பயனைக் காட்டுகிறது. ‘சரி’, ‘நன்று’, ‘சீர்’ ஆகியவை தீர்ப்புகள். கேட்பவரின் அறியாமையும் அவற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். ‘டடடட’ என்பதோ சாட்சியம். தீர்ப்பை மற்றவர் தீர்மானிக்க அது இடம் விடுகிறது.

அதன் பிறகு வேலை விரைந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். காபிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டிய அதன் பீங்கான் நுனி சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஆக்சிலரேட்டரை மூடியபின் வேகம் எப்படி இறங்குகிறது என்று கேட்டார். உடனே இறங்காமல் “உய்ய்ய்” என்று நீண்டு, பிறகே தாழ்கிறது என்றாள். கார்பரேட்டர் மூடிய பிறகும் எஞ்சினுக்குக் காற்று கிடைக்கிறதென்றால், அது வேறு வழியாக நுழைகிறது என்று பொருள். கார்பரேட்டர் இணையும் இடத்தைச் சுற்றி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள்; ஓசை மாறவில்லை. வலப்பக்க மூடியையும் டைனமோவையும் கழற்றினார்கள். அதன் பின்னால், உலர்ந்திருக்க வேண்டிய இடத்தில், மெல்லிய எண்ணெய்ப் படலம் ஈரமாக மின்னியது. கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் சீல் கெட்டிருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கலவை முதலில் கிராங்க் அறைக்குள்தான் உறிஞ்சப்படுகிறது. சீல் நெகிழ்வை இழந்தால் அந்த அறை வெளிக்காற்றையும் சேர்த்தே உறிஞ்சும்.

பழைய சீலின் ரப்பர் விளிம்பு நகம்போல இறுகியிருந்தது. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என அதன்மேல் பொறித்திருந்த மூன்று எண்களை மகள் தாளில் எழுதி எடுத்துச் சென்று, பேரிங் கடையில் அதே அளவில் புதிதாக ஒன்றை வாங்கிவந்தாள். ஜாவா என்ற பெயரைச் சொல்லவே தேவைப்படவில்லை. சீலைப் பொருத்தி, டைனமோவை மாட்டி, சிகரெட் தாளால் டைமிங்கை மீண்டும் வைத்தார்கள். இம்முறை தாளைப் பிடித்த விரல்கள் அவளுடையவை.

வண்டியின் பதிவு அடுத்த மாதத்தோடு முடிகிறது என்பது இதற்கிடையே நின்ற இன்னொரு சிக்கல். தனியார் வாகனத்துக்குப் பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி சோதித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகள் மற்றொரு வழியையும் திறந்திருக்கின்றன. ஐம்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்தை 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுக்கு விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். மகள் அதையே விரும்பினாள். தந்தைக்குச் செவி குறைந்த நிலையில், வண்டி மதிப்போடு வீட்டிலேயே நின்றால் போதும் என்பது அவள் எண்ணம். அதற்குள் அச்சமும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அவர் விதிகளை அச்செடுத்துக் கண்ணாடி போட்டு வாசித்தார். விண்டேஜ் வாகனம் கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு இடமில்லை.

“பெட்ரோல் போடப் போகலாம், கத்தரிக்காய் வாங்கப் போகக் கூடாது” என்றார் அவர்.

“நீங்கள் இனித் தனியாக ஓட்டக் கூடாது அப்பா. பின்னால் வரும் லாரி உங்களுக்குக் கேட்காது.”

“ஓட்டப் போவதில்லை. அதை நானே முடிவு செய்துவிட்டேன்.” சற்று நேரம் கழித்து, “யார் ஓட்டுவார்கள் என்பதுதான் கேள்வி” என்றார்.

கேட்டல் என்பதற்குத் தமிழில் செவியுறுதல், வினவுதல் என்ற இரு பொருளும் உண்டு. கன்னடத்தின் ‘கேளு’ என்ற வினைக்கும் இவை இரண்டும் பொருந்தும். அவர்கள் வீட்டில் இவ்விரு வேலைகளும் இப்போது இருவரிடம் பிரிந்துவிட்டன. வினவுவது தந்தை, செவியுறுவது மகள். வண்டி தாழ்வாரத்தில் காட்சிப் பொருளாக நின்றுவிட்டால் இரண்டுக்கும் வேலை இருக்காது. அகராதியில் பதிவான மொழிக்கும் வீட்டில் பேசப்படும் மொழிக்கும் உள்ள வேறுபாடு இதைப் போன்றதே. பதிவு தேவைதான். ஆனால் பிழையாகப் பேசி, திருத்தப்பட்டு, மீண்டும் பேசும் ஒருவர் இல்லாவிட்டால் பதிவிலிருக்கும் சொல்லின் ஓசை எவருக்கும் தெரியாமல் போய்விடும்.

மகள் அதுவரை கியர் இல்லாத ஸ்கூட்டரையே ஓட்டியிருந்தாள். மூன்று ஞாயிறுகள் காலி மைதானத்தில் பழகினாள். நெம்புகோலைத் தொட்டதும் தானாகக் கிளட்ச் விடுபடும் அமைப்பு அவளை முதலில் தடுமாறவைத்தது. இருமுறை வண்டி அணைந்தது. கியர் உள்ள வண்டிக்கான உரிமத்துக்கு விண்ணப்பித்தாள். பதிவுப் புதுப்பிப்பு விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். சாதாரண வாகனம் என்ற வழியிலேயே. அவர் கையெழுத்திட்டார்.

உரிமம் வந்த பிறகு, ஒரு காலையில் இருவரும் தேவராஜ மார்க்கெட்டுக்குப் புறப்பட்டார்கள். அவர் பின்னிருக்கையில் பையோடு அமர்ந்திருந்தார். சிக்னலில் வண்டி நின்றதும் அவள் தோளை விரலால் தட்டினார். அவள் தலையைப் பாதி திருப்பி, அருகில் நின்ற ஆட்டோக்காரர் வியப்போடு பார்ப்பதைப் பொருட்படுத்தாமல், உரக்கச் சொன்னாள்:

“டப்... டப்டப்... டப்.”

அவர் தலையசைத்தார். சிக்னல் விழுந்தது.