மெடிசின் கிடைக்கேல்லையோ?

'பிள்ளை என்ன படிக்கிறீங்கள்?'
'நேர்சிங் அன்ரி, கம்பஸில.'
'ஓ... மெடிசின் கிடைக்கேல்லையோ?'

திருநெல்வேலியில் நாங்கள் தங்கியிருக்கும் போர்டிங்கில் ஒரே அறையில் நாலு பேர். மூன்று பேர் கலைப்பீடம். நாலாமவள் தாதியியல். தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் வேறு வேறு பட்டங்கள் என்றாலும், ஊரில் மொத்தமாக 'பராமெடிக்கல்' என்றுதான் சொல்வார்கள். மேலே உள்ள கதையைக் கடையில், பஸ்ஸில், கோயில் வாசலில் எத்தனை தரம் கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. 'ஆர்ட்ஸ்' என்று நாங்கள் சொன்னால் ஒருவரும் மேற்கொண்டு கேட்பதேயில்லை. அதனால் அவளுக்கு அந்தக் கேள்வி ஏன் சுடுகிறது என்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. முதலாம் வருடத்தில் நாங்களே அவளை 'அரை டொக்டர்' என்று பகிடி பண்ணியிருக்கிறோம்.

உயர்தரத்தை மூன்று தரம் எழுதியவள். கடைசித் தரமும் இசட் புள்ளி மருத்துவத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. ஊரில் அம்மா இன்னமும் 'டொக்டருக்குத்தான் படிக்கிறாள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இவளும் திருத்தவில்லை.

அவளுக்குப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். எலும்புகளின் பெயர்கள் எங்கள் அறைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தன. வார்ட்டுக்குப் போகத் தொடங்கியபோது வேறொரு பிரச்சினை வந்தது. அவளோடு படிக்கிற சிங்களப் பிள்ளைகளுக்கு நோயாளிகள் சொல்வது பிடிபடவில்லை. 'நாரி உளையுது', 'தலை அம்முது', 'சத்தி வருமாப்போல கிடக்கு' என்று ஆச்சிமார் சொல்வது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? ஒரு கொப்பி போட்டோம். நாங்கள் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதினாள். குத்துது, உளையுது, கடுக்குது, எரியுது, விண்விண் எண்டுது: எல்லாம் வேறு வேறு வலி. எல்லாவற்றையும் 'நோகுது' என்று எழுதினால் நோயாளி சொன்னதில் பாதி போய்விடும். கலைப்பீடம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்குக் காட்ட எங்களிடம் அந்தக் கொப்பி இருக்கிறது.

போன மாதம் ஒருநாள் இரவு, பக்கத்து அறைத் தங்கச்சி வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் செய்தது இதுதான்: ஒருத்தி கையில் கொடுக்க இரும்புத் திறப்புத் தேடினாள், ஒருத்தி பல்லுக்குள் வைக்கக் கரண்டியோடு ஓடி வந்தாள், ஒருத்தி அழுதாள்.

'வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதேங்கோ. அமத்திப் பிடிக்காதேங்கோ. ஒராள் நேரத்தைப் பாருங்கோ.'

கதிரைகளைத் தள்ளினாள். துவாயை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தாள். உதறல் நின்றதும் மெல்லப் பக்கவாட்டில் சரித்துக் கிடத்தி, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உயிருக்கு ஆபத்தாம். சீக்கிரம் நின்றாலும் முதல் தரம் வருகிற வலிப்பு என்றால் கட்டாயம் ஆஸ்பத்திரியில் காட்டவேண்டுமாம். 1990க்கு அடிக்கச் சொன்னாள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. அந்த இலக்கம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

அம்புலன்ஸில் வந்தவர் கேட்ட முதல் கேள்வி, 'எவ்வளவு நேரம் இருந்தது?'

'ரெண்டு நிமிசமும் பத்துச் செக்கனும்' என்றாள்.

ஆஸ்பத்திரியால் திரும்பி வர விடியப்புறம் மூன்று மணி. தங்கச்சிக்கு ஒன்றுமில்லை. வாசல்படியில் இருந்தபோதுதான் கண்டோம், இவளுடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

'எனக்கும் பயம்தானடி. இவ்வளவு நாளும் டம்மியிலதான் பழகினனான்.'

'அரை டொக்டர்' பகிடிக்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டோம். 'உதை எப்பவோ மறந்திட்டன்' என்றாள். மறந்திருக்க மாட்டாள்.

காலையில் அம்மாவின் கோல் வந்தது. நடந்ததைச் சொன்னாள். 'டொக்டர் பிள்ளை இருந்தபடியால் தப்பிச்சுது' என்று அம்மா சந்தோசப்பட்டார்.

'அம்மா, இனி ஆரும் கேட்டா நேர்சிங் படிக்கிறாள் எண்டே சொல்லுங்கோ.'

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

'சரி. சாப்பிட்டியே?' என்றார் அம்மா.