மோதலுக்குப் பிறகு மிச்சம் எவ்வளவு?

பள்ளிக்கூடத்துப் பௌதிகம் என்றால் நம் வயதுக்காரர்கள் பலருக்கு ஊசல் குண்டும் லென்சும் நினைவுக்கு வரும். எனக்கு வண்டிதான் நினைவுக்கு வரும். செருப்புப் பெட்டி அளவுள்ள இரண்டு மர வண்டிகள். பிரெஞ்சில் அதற்கு 'ஷாரியோ' என்று பெயர். நாங்கள் அதையே தமிழாக்கி 'ஷாரியோவைத் தள்ளுடா' என்று பேசுவோம். புதுச்சேரியில் 1960களில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இந்தக் கலப்புப் பேச்சு தெரிந்திருக்கும்.

அந்த வண்டிச் சோதனையைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. எல்லாரும் பௌதிகம் படித்தவர்கள் அல்ல என்பது தெரியும். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஆறடி நீளத்துக்கு வழவழப்பான பலகை. அதன்மேல் இரண்டு வண்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. முதல் வண்டியின் வாலில் நீளமான காகித நாடா ஒட்டியிருக்கும். அந்த நாடா, மின்சாரத்தில் அதிரும் ஒரு சின்னச் சுத்தியின் அடியில் போகும். சுத்திக்கும் நாடாவுக்கும் நடுவில் கார்பன் தாள். சுத்தி நொடிக்கு 50 தடவை தட்டும். ஆகவே நாடாவில் புள்ளி புள்ளியாக விழும். வண்டி வேகமாகப் போனால் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும், மெதுவாகப் போனால் நெருங்கி விழும். பத்து இடைவெளி என்றால் 0.2 நொடி. அளவுகோலை வைத்துப் பத்து இடைவெளியின் நீளத்தை அளந்தால் வேகம் வந்துவிடும். இவ்வளவுதான் விஷயம்.

கலிலியோவுக்கு இந்த வசதி இல்லை. அவர் சாய்ந்த பலகையில் வெண்கலக் குண்டை உருட்டிவிட்டு, ஒரு பாத்திரத்தின் அடியிலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் தண்ணீரைப் பிடித்து, அந்தத் தண்ணீரைத் தராசில் நிறுத்து நேரத்தைக் கணக்கிட்டார். 1638-இல் வெளியான அவருடைய புத்தகத்திலேயே அதை எழுதியிருக்கிறார். எங்கள் வாத்தியார் இதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தண்ணீர் நிறுக்கிற வேலை மிச்சம், அதனால் புள்ளியையாவது ஒழுங்காக எண்ணுங்கள்" என்பார். அவர் நம்ம ஊர்த் தமிழர்தான். ஆனாலும் வகுப்பில் அவரை 'முசியே' என்றுதான் கூப்பிட வேண்டும். பாடம் முழுக்க பிரெஞ்சு. கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

முதலில் பலகையின் ஒரு முனைக்கு அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி லேசாகத் தூக்க வேண்டும். வண்டியை ஒரு தட்டுத் தட்டினால் அது வேகம் கூடாமலும் குறையாமலும் ஓட வேண்டும். அதாவது உராய்வு பிடித்து இழுப்பதைச் சரிவு ஈடுகட்ட வேண்டும். இதற்கே அரை மணி நேரம் ஆகும். ஒரு அட்டை கூடினால் வண்டி ஓடிப்போகும், ஒரு அட்டை குறைந்தால் நின்றுபோகும்.

அதன்பிறகு மோதல். ஒரு வண்டியின் மூக்கில் ஊசி, நிற்கிற வண்டியின் முதுகில் தக்கை. மோதியதும் ஊசி தக்கையில் குத்திக்கொண்டு இரண்டும் ஒன்றாகப் போகும். எங்கள் நாடாவில் மோதலுக்கு முன் பத்து இடைவெளிக்கு 12.4 சென்டிமீட்டர், மோதலுக்குப் பின் 6.0 சென்டிமீட்டர். அதாவது நொடிக்கு 62 சென்டிமீட்டர் வேகத்தில் வந்த ஒரு கிலோ, மோதிய பிறகு இரண்டு கிலோவாகி 30-இல் போனது. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் முன்பு 62, பின்பு 60. இந்தப் பெருக்கல் தொகைக்குத்தான் தமிழில் உந்தம் என்று பெயர். புத்தகப்படி அது மாறவே கூடாது.

என் கூட்டாளி மெதுவாக, "6.2 என்று எழுதிவிடலாமா? சரியாக 62 வந்துவிடும்" என்று கேட்டான். முசியே பின்னால்தான் நின்றிருக்கிறார். அடிக்கவில்லை, திட்டவில்லை. நாடாவை அவன் கையில் கொடுத்து, "இதில் 6.2 எங்கே இருக்கிறது, காட்டு" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்: "புத்தகத்தில் இருப்பதை எழுதப் புத்தகமே போதும், நீங்கள் எதற்கு? அந்த இரண்டு எங்கே போனது என்று தேடுங்கள். அதுதான் பாடம்."

தேடினோம். சரிவு கொஞ்சம் பற்றவில்லை. நாடாவும் சுத்தியின் அடியில் உரசுகிறது. ஒருவன் நல்ல கேள்வி கேட்டான்: "மின்சாரமே ஒழுங்கில்லை, சுத்தி நொடிக்கு 48 தடவை அடித்திருந்தால்?" முசியேக்குச் சந்தோஷம். "முன்பும் பின்பும் அதே சுத்திதானே அடித்தது? இரண்டு வேகமும் ஒரே அளவில் தப்பாகும். ஒன்றை ஒன்றால் வகுத்தால் அந்தத் தப்பு அடிபட்டுப் போகும்" என்றார். எந்தப் பிழை கணக்கைக் கெடுக்கும், எது தானே கழிந்துவிடும் என்று பிரித்துப் பார்க்கலாம் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. உந்தம் கிட்டத்தட்ட அப்படியே மிஞ்சியது. ஆனால் இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டால் பாதிக்குமேல் காணோம்! முன்பு 0.19 ஜூல், பின்பு 0.09. அது வண்டியின் கோளாறு அல்ல. சமமான இரண்டு பொருள்கள் மோதி ஒட்டிக்கொண்டால் பாதி ஆற்றல் போயே தீரும். தக்கை நசுங்குவது, 'டக்' என்ற சத்தம், கொஞ்சம் சூடு, எல்லாம் அந்தப் பாதிதான்.

அடுத்த வாரம் ஒரு வண்டியின் மேல் இரண்டு கிலோ எடையை ஏற்றி, அதைப் பாரவண்டியாக்கினோம். மூக்கில் ஊசிக்குப் பதிலாக வில்சுருள். ஒரு கிலோ வண்டி போய் மூன்று கிலோ வண்டியில் மோதியது. சின்னது திரும்பி ஓடி வந்தது, பெரியது மெல்ல முன்னால் நகர்ந்தது. அப்போதுதான் முசியே தெகார்த் கதையைச் சொன்னார். பிரான்சின் பெருமை என்று நாங்கள் படித்த தெகார்த், 1644-இல் எழுதிய நூலில் மோதலுக்கு ஏழு விதிகள் கொடுத்தார். அதில் ஒன்று, நிற்கிற பெரிய பொருளைச் சின்னப் பொருள் எவ்வளவு வேகமாக மோதினாலும் அசைக்கவே முடியாது என்பது. எங்கள் பாரவண்டியோ கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருந்தது!

அவர் எங்கே தவறினார்? வேகத்தின் அளவைப் பார்த்தார், திசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. வில்சுருள் கொஞ்சமும் ஆற்றலை விழுங்காது என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். மோதலுக்கு முன் 1 கிலோ, வேகம் 60, ஆகவே 60. பின்பு சின்னது 30 வேகத்தில் திரும்பி வருகிறது, பெரியது 30 வேகத்தில் முன்னே போகிறது. திசை பார்க்காமல் கூட்டினால் 30-உம் 90-உம் 120. கணக்கு உதைக்கிறது. திரும்பி வருவதற்குக் கழித்தல் குறி போட்டால் 90-இல் 30 போக 60. சரியாக வந்துவிட்டது. ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை ஹைகன்ஸ், வாலிஸ், ரென் ஆகியோர் 1668, 1669 வாக்கில் சரிசெய்தார்கள். பிரான்சிலேயே மாரியோத் 1673-இல் மோதலுக்கென்று தனி நூல் எழுதினார். "பெரியவர் சொன்னார் என்பதற்காக வண்டி நிற்காது" என்றார் முசியே.

கடைசிச் சோதனை இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் வில்சுருளை அழுத்தி வைத்து, நூலால் கட்டி, நூலைத் தீக்குச்சியால் எரிப்பது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் பாயும். சேர்ந்திருந்தபோது உந்தம் பூஜ்யம், பிரிந்த பிறகும் இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். அந்த என் கூட்டாளி பின்னாளில் பிரான்சுக்குப் போய்விட்டான். 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம் அவனுடையது. நாங்கள் இந்தியக் குடியுரிமையிலேயே இருந்துகொண்டோம். இன்றும் வாட்ஸப்பில் கூப்பிட்டால் முதல் வார்த்தை, "என்னடா, அந்த ரெண்டு கிடைச்சுதா?"

பிரெஞ்சில் படித்த எனக்கு அரசு வேலை ஆங்கிலத்தில் கிடைத்தது. குமாஸ்தா வேலைக்கு உந்தமும் வேண்டாம், வில்சுருளும் வேண்டாம். ஆனால் பதிவேட்டைத் தொட்ட முதல் நாளே முசியே நினைவுக்கு வந்தார். மையால் எழுத வேண்டும், சுரண்டக் கூடாது, திருத்தினால் ஒரே கோடு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். எங்கள் 'காயே'யிலும் இதே சட்டம்தான்.

சிமெண்டு பெர்மிட்டில் கிடைத்த காலம் அது. ஓர் அலுவலகத்தில் கிடங்கு இருப்பைச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். புத்தகத்தில் 500 மூட்டை. இரண்டு தடவை எண்ணினேன், 487. மேலதிகாரி நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார்: "500-ன்னு போட்டுடுங்க, அடுத்த லோடில் சரிக்கட்டிடலாம்." நான் 487 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "13 மூட்டை எங்கே என்று தேடலாம் சார்" என்றும் சொன்னேன். தேடவில்லை. மூன்று மாதத்தில் எனக்கு யானத்துக்கு மாற்றல் வந்தது. நம்ம ஊர் அரசு ஊழியர்களுக்கு யானம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கோதாவரிக் கரை, தெலுங்குப் பேச்சு, வீட்டில் கைக்குழந்தை. இரண்டு வருஷம் என் மனைவி தனியாகச் சமாளித்தாள். அவள் ஒரு நாளும் "500 என்று எழுதியிருக்கலாமே" என்று கேட்டதில்லை. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

இப்போது பேத்தி பதினோராம் வகுப்பு. போன மாதம் அவள் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன். மோதல் சோதனை. முன்பும் பின்பும் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் சமம். "எப்படிம்மா இவ்வளவு சுத்தமாக வந்தது?" என்றேன். "லேப்ல ஒரு ட்ராலிக்குச் சக்கரமே இல்ல தாத்தா. ரீடிங்கைப் போர்டுல எழுதிப் போட்டாங்க, எல்லாரும் பார்த்து எழுதினோம்" என்றாள். குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. அறுபது பிள்ளைகளுக்கு ஒரு வண்டி, அதற்கும் சக்கரம் இல்லை என்றால் அந்த ஆசிரியர்தான் என்ன செய்வார்?

கடையில் ஒரே மாதிரி இரண்டு பொம்மைக் கார் வாங்கினோம். சமையலறைத் தராசில் ஒன்று 46 கிராம், மற்றது 48. கிரானைட் மேடையில் அளவுநாடாவை ஒட்டி, ஒன்றின் மூக்கில் களிமண் உருண்டை வைத்து, அவள் செல்போனில் நொடிக்கு 240 படம் வீதம் பிடித்தாள். நம் சுத்திக்கு 50 தட்டல், இவர்களுக்கு 240 படம்! மோதலுக்கு முன் கால் நொடியில் 20.2 சென்டிமீட்டர், பின் கால் நொடியில் 8.8. கணக்குப்படி மோதிய பின் வேகம் ஏறத்தாழ 40 வர வேண்டும், வந்தது 35. "போச்சு, தப்பு தாத்தா" என்றாள். "தப்பு இல்லை, ஐந்து எங்கே போனது என்று தேடு" என்றேன்.

அவளே கண்டுபிடித்தாள். பொம்மைக் காருக்கு உராய்வு அதிகம், மோதுவதற்கு முன்பும் பின்பும் வேகம் குறைந்துகொண்டே இருக்கிறது. அதனால் மோதலை ஒட்டிய 12 படங்களை மட்டும் எடுத்து அளந்தாள். முன்பு 3.9 சென்டிமீட்டர், பின்பு 1.9. அதாவது 78-உம் 38-உம். கணக்குப்படியும் 38! அவள் துள்ளிய துள்ளலில் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

முதல் அளவையும் இரண்டாவது அளவையும், வித்தியாசம் ஏன் என்பதையும் ரெக்கார்டில் எழுதிக் கொண்டுபோனாள். "மார்க்கைக் குறைத்துவிட்டால்?" என்று அவள் அம்மாவுக்குக் கவலை. மார்க்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையெழுத்து விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோழிகள், "உன் கார் ரெண்டையும் கொஞ்சம் தர்றியா?" என்று வாசலில் வந்து நின்றார்கள்.

வீட்டில் பேரன் பேத்தி இருக்கிற நண்பர்கள் இதைச் செய்து பாருங்கள். இரண்டு பொம்மைக் கார், கொஞ்சம் களிமண், செல்போன். வருகிற எண்ணை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். சரியாக வந்ததா என்று கேட்கமாட்டேன், மிச்சம் எங்கே போனது என்றுதான் கேட்பேன்.

யானத்துக் கதை பெரிது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.