பூசை முடிந்தும் கலையாத பேச்சு

ஞாயிறு பூசை முடிந்தும் எங்கள் காஞ்சிபுரம் இளையோர் கலையவில்லை. பேச்சு திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளைப் பிரிக்கும் சாதிச் சுவரில் வந்து நின்றது. வாரமெல்லாம் பட்டுத்தறிக்குத் தார் சுற்றும் தங்கை கேட்டாள்: "ஒரே நற்கருணைதானே வாங்குறோம், செத்த பிறகு எதுக்குண்ணா சுவரு?"

"இதெல்லாம் கோவில்ல பேசலாமா?" என்றார் பெரியவர் ஒருவர். இங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது? 2003-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை அந்தப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு, தலித் மேம்பாட்டுக் கொள்கையே வெளியிட்டது. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து ஒதுக்கிய 1950 ஆணையை எதிர்த்து ஊர்வலம் போகிறோமே, அந்த வேகம் கல்லறை வாசலிலும் வேண்டும்.

கோபம் உண்டு. விட்டுப்போக மனமில்லை, இது என் வீடு. அந்தக் கொள்கையைப் பங்கில் வாசிக்கக் கேட்டு மனு எழுதுகிறோம். கையெழுத்திட விரும்புவோர் உள்பெட்டிக்கு வாருங்கள்.